துணிச்சலா, துடுக்கா? ஆங்கிலத்தின் திமிர்ச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்களில் பெரும்பங்கு ஒரே சொற்குடும்பத்தைச் சுற்றியே வருகிறது. பெரியவர் எதிரில் அடங்காமல் நிற்பதற்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயர்கள்தாம் அந்தக் குடும்பம். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

அகராதியில் இம்ப்யூடன்ட், இன்சலன்ட், சீக்கி, சாஸி எல்லாவற்றுக்கும் 'துடுக்கான' என்றே இருக்கிறது. எதைப் போட்டாலும் சரிதானா?

சரியில்லை. இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் குழந்தைகளுக்கான படக்கதை ஒன்று கைக்கு வந்தது. அதில் வரும் குரங்குக் குட்டியைப் பக்கத்துக்குப் பக்கம் 'சீக்கி' என்று அழைத்திருந்தார்கள். நான் அகராதியைப் புரட்டி, 'திமிர் பிடித்த குரங்கு' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மெய்ப்பு திரும்பி வந்தபோது பதினோரு இடங்களில் 'திமிர் பிடித்த' என்பதைச் சிவப்பு மையில் அடித்து, மேலே 'குறும்புக்கார' என்று எழுதியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு: "பிள்ளைகளுக்கு இந்தக் குரங்கைப் பிடிக்க வேண்டும். அறையத் தோன்றக் கூடாது."

அதன்பின் இந்தச் சொற்களில் எது எதிர்ப்பட்டாலும், அகராதியைத் தொடும் முன் யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று பார்க்கிறேன். 'சீக்கி' என்று சொல்கிறவர் பாதி சிரித்துக்கொண்டே சொல்கிறார். 'இம்ப்யூடன்ட்' என்பவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. 'இன்சலன்ட்' என்று சொல்லிவிட்டால் தண்டனை பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு பேருக்கு நடுவே எவ்வளவு உயர வேறுபாடு இருக்கிறது என்பதைத்தான் இந்தச் சொற்கள் அளக்கின்றன. அளவுகோல் பெரும்பாலும் மேலே நிற்பவர் கையில் இருந்திருக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு செய்தியின் கிளைகளே.

'போல்ட்' நல்ல சொல்லா, கெட்ட சொல்லா?

பிறந்தபோது நல்ல சொல். பழைய ஆங்கிலத்தில் அது வீரனுக்குரிய அடைமொழி. பெற்றோர் பிள்ளைக்கு ஆசையாக வைத்த பெயர்களுக்குள் இன்றும் ஒளிந்திருக்கிறது: பால்ட்வின் என்றால் துணிவுள்ள நண்பன், லியோபோல்ட் என்றால் மக்களுள் துணிவுள்ளவன். ஆர்ச்சிபால்டின் வாலிலும் அதே சொல்தான்.

பிறகு அது ஊரோடு பழகிக் கெட்டுப்போயிற்று. போர்க்களத்தில் துணிவாக இருந்தது, வீட்டுக் கூடத்துக்கு வந்ததும் வரம்பு மீறலானது. அதனால்தான் ஆங்கிலேயர்கள் ஒரு கேள்வி கேட்பதற்கு முன் "மே ஐ பி சோ போல்ட்" என்று குனிந்துகொண்டார்கள். 'இந்தத் துடுக்கை மன்னியுங்கள்' என்று முன்பணம் கட்டுவது போல. அயர்லாந்தில் கதை இன்னும் கொஞ்சம் தூரம் போனது. அங்கே பெரியவர்கள் ஒரு பையனை 'போல்ட்' என்றால் அவன் வீரன் இல்லை, சொல்பேச்சு கேளாதவன். ஐரிஷ் மொழியின் 'டானா' என்ற சொல் துணிவையும் அடங்காமையையும் ஒன்றாகவே சுமக்கிறது. அந்த மண்ணில் பேசப்பட்ட ஆங்கிலமும் அதன்படி நடந்துகொண்டது.

நம் அச்சகங்களில் 'தலைப்பைப் போல்டு ஆக்குங்கள்' என்று சொல்லும் போல்டும் இதே ஆள்தான். 1845இல் லண்டனில், ஃபேன் ஸ்ட்ரீட் எழுத்து வார்ப்பகத்தில், ராபர்ட் பெஸ்லி 'கிளாரெண்டன்' என்ற தடித்த எழுத்தை வெளியிட்டார். பக்கத்தில் மற்ற எழுத்துகளுக்கு நடுவே தனியாக உரத்துப் பேசுவதற்கென்று வார்த்த எழுத்து அது.

'இம்ப்யூடன்ட்' என்பதன் வேர் என்ன?

இலத்தீனில் 'புடேரே' என்றால் நாணுதல். 'இம்புடென்ஸ்' என்றால் நாணமற்றவன். ஆக, இது பேச்சைப் பற்றிய சொல்லாகத் தொடங்கவில்லை, வெட்கத்தைப் பற்றிய சொல்லாகத் தொடங்கியது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கேன்டர்பரி கதைகளின் கடைசியில், பாதிரியார் வாயிலாகச் செருக்கு என்னும் பாவத்துக்குக் கிளை பிரித்துப் பட்டியல் போடுகிறார். அதில் இம்ப்யூடன்ஸும் ஒன்று. தான் செய்த தீமைக்காகச் செருக்கினால் வெட்கப்படாதவனே இம்ப்யூடன்ட் என்பது அங்கே சொல்லப்படும் விளக்கம். அதாவது குற்றம் கடவுளுக்கு முன்னால் நடக்கிறது. மேலதிகாரி இன்னும் காட்சிக்கு வரவில்லை.

அதே பட்டியலில் இருக்கும் 'இன்சலன்ட்' இலத்தீனில் 'வழக்கத்துக்கு மாறான' என்ற பொருளில் பிறந்தது. 'இம்பெர்டினன்ட்' என்பதற்குத் 'தொடர்பில்லாத' என்பதே முதற்பொருள். ஷேக்ஸ்பியரின் டெம்பெஸ்ட் நாடகத்தில் பிராஸ்பெரோ தன் மகளிடம், இதைச் சொல்லாவிட்டால் கதையே 'இம்பெர்டினன்ட்' ஆகிவிடும் என்கிறார். கதை துடுக்கானது என்று அங்கே யாராவது மொழிபெயர்த்தால் தொலைந்தார்கள். பொருத்தமற்றது என்பதே பொருள். உனக்குச் சம்பந்தமில்லாததில் நீ ஏன் வாயைத் திறக்கிறாய் என்ற எரிச்சல் சேர்ந்ததும், பொருத்தமில்லாத பேச்சு மரியாதையில்லாத பேச்சாகிவிட்டது. நம் 'அதிகப்பிரசங்கி' கிட்டத்தட்ட இந்த வழியில்தான் வந்தார். சொற்படி பார்த்தால் அவர் செய்த குற்றம் அளவுக்கு மேல் பேசியது மட்டுமே.

ஏன் எல்லாம் முகத்திலேயே இருக்கின்றன? கன்னம், உதடு, நெற்றி என்று?

வெட்கம் முகத்தில் தெரிவதால். முகம் சிவக்க வேண்டிய நேரத்தில் சிவக்கவில்லை என்றால், அந்த முகத்தில்தான் ஏதோ கோளாறு என்று ஐரோப்பியர் நினைத்தார்கள்.

நெற்றியிலிருந்து தொடங்குவோம். உரோமானியர்களுக்கு நாணம் குடியிருக்கும் இடம் நெற்றி. வெட்கத்தை விட்டுவிட்டுக் காரியத்தில் இறங்குவதற்கு அவர்கள் 'நெற்றியைத் தேய்த்துக்கொள்வது' என்றே சொன்னார்கள், படர்ந்த சிவப்பைத் துடைத்து எடுப்பது போல. நெற்றியே இல்லாதவன் என்ற பொருளில் பிற்கால இலத்தீனில் ஒரு சொல் உருவாகி, பிரெஞ்சு வழியாக 1700ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு 'எஃப்ரன்டரி' ஆக வந்து சேர்ந்தது. எபிரேய வேதாகமத்திலும் இதே நெற்றி வருகிறது. எரேமியா தீர்க்கதரிசி, வெட்கப்பட மறுக்கும் தன் மக்களைப் பார்த்து 'உனக்கு விலைமாதின் நெற்றி' என்று சீறுகிறார். எசேக்கியேலிடமோ, உன் நெற்றியை வச்சிரக்கல்லைப் போல் கடினமாக்கினேன், அவர்களுக்கு அஞ்சாதே என்கிறார் கடவுள். ஓரிடத்தில் கடின நெற்றி வசை, இன்னோரிடத்தில் வரம். ஆண்டவர் பக்கம் நின்றால் அதே எலும்புக்கு வேறு பெயர்.

நெற்றிக்கு அடுத்து முழு முகம். 'பேர்ஃபேஸ்ட்' என்றால் முதலில் தாடியோ முகமூடியோ இல்லாத முகம், அவ்வளவுதான். மறைக்க வேண்டியதை மறைக்காத முகம் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. அப்பட்டமான பொய்க்கு அடைமொழியாகி, பிறகு அமெரிக்காவில் 'பால்ட்ஃபேஸ்ட்' என்றும் உருமாறியது. துணிந்த முகம் என்ற பொருளில் 'போல்ட்ஃபேஸ்ட்' என்பதும் உண்டு. மூன்றும் இன்று புழக்கத்தில் இருக்கின்றன. எது சரி என்று ஆங்கிலேயர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

முகம் சிவக்காமல் இருக்க இன்னொரு வழி, அதை உலோகத்தில் செய்துவிடுவது. 'பிரேசன்' என்றால் பித்தளையாலான என்று பொருள். வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பித்தளை கழுத்துக்கு இறங்கியது. வெட்கமே இல்லாமல் வந்து கேட்கிறவனுக்கு அங்கே 'பிராஸ் நெக்'.

'சீக்' என்ற கன்னம் துடுக்கானது 1840ஐ ஒட்டித்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்குத் தாடை என்ற பொருளும் உண்டு. எதிர்த்துப் பேசும்போது அசைவது தாடைதானே. அதே நூற்றாண்டில் உதடும் 'லிப்' என்று சேர்ந்துகொண்டது. தமிழில் இந்த வேலையை வாய் பார்த்துக்கொள்கிறது: வாய்த்துடுக்கு, வாய்க்கொழுப்பு, வாய் நீளுகிறது. 'இதைக் கேட்க உனக்கு முகம் இருக்கிறதா' என்ற பொருளில் ஆங்கிலேயர் சொல்வதற்கு நம்மிடம் அச்சாக ஒன்று உண்டு: 'எந்த முகத்தை வைத்துக்கொண்டு வந்தாய்?'

'போல்ட் ஆஸ் பிராஸ்' (பித்தளையைப் போல் துடுக்கான) என்ற வழக்கு ஒரு லண்டன் மேயர் பெயரால் வந்தது என்கிறார்களே?

நல்ல கதை. மேயரும் உண்மை, அவர் செய்ததும் உண்மை. வழக்குக்கு அவர் காரணம் என்பதுதான் நிற்கவில்லை.

அவர் பெயர் பிராஸ் கிராஸ்பி. நாடாளுமன்ற விவாதங்களைப் பத்திரிகையில் அச்சிடுவது அன்று குற்றம். 1771இல் அப்படி அச்சிட்ட ஓர் அச்சகரைப் பிடித்து வர மக்களவை தன் ஏவலரை அனுப்பியது. கிராஸ்பியோ அச்சகரை விடுவித்துவிட்டு, பிடிக்க வந்த ஏவலர்மேல் வழக்குத் தொடுக்க வைத்தார். மக்களவை அவரை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தது. தெருவெங்கும் கூட்டம் அவர் பக்கம் திரண்டது. சில வாரங்களில் வெளியே வந்தார். அதன்பின் விவாதங்களை அச்சிடுகிறவர்கள்மேல் கை வைக்க நாடாளுமன்றம் தயங்கியது.

இவ்வளவு செய்தவருக்கு 'பிராஸ்' என்று பெயரும் அமைந்துவிட்டால் யார்தான் இரண்டையும் முடிச்சுப் போட மாட்டார்கள்? ஆனால் பித்தளை முகம் என்ற பேச்சு அவருக்கு ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்பே ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வந்துவிட்டது.

சாஸ், சாஸி இரண்டுக்கும் நாம் தொட்டுக்கொள்ளும் சாஸுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஒரே புட்டிதான். இலத்தீனில் 'உப்பிட்ட' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது சாஸ். 16ஆம் நூற்றாண்டில் காரசாரமாகப் பேசுகிறவன் 'சாஸி' எனப்பட்டான்.

ஜூலியஸ் சீசர் நாடகத்தின் முதல் காட்சியைப் பாருங்கள். வேலைநாளில் தொழில் அடையாளம் இல்லாமல் தெருவில் திரியும் கூட்டத்தை இரண்டு அதிகாரிகள் மடக்குகிறார்கள். ஒருவனைப் பார்த்து உன் தொழில் என்ன என்று அதட்டுகிறார்கள். அவன் செருப்புத் தைப்பவன். நேரடியாகச் சொல்லாமல், தேய்ந்த அடிகளைச் சரிசெய்பவன் என்கிறான். ஆங்கிலத்தில் செருப்பின் அடிக்கும் ஆன்மாவுக்கும் ஒரே ஒலி. கோபப்படாதீர்கள் ஐயா, நீங்கள் பிய்ந்தாலும் உங்களையும் தைத்துத் தருவேன் என்று சேர்த்துக்கொள்கிறான். 'என்னையே தைப்பாயா, சாஸி பயலே' என்று சீறுகிறது அதிகாரம். அவன் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு பதிலிலும் 'ஐயா' என்ற மரியாதை இருக்கிறது. கேட்டவர் எதிர்பார்த்த உயரத்துக்குக் குனியாமல் பதில் சொன்னது மட்டுமே குற்றம்.

அமெரிக்காவில் சாஸ் வாய்வழக்கில் 'சாஸ்' என்று குறுகி ஒலித்து, 1830களில் தனிச்சொல்லாகவே எழுதப்பட்டது. தமிழில் இரண்டையும் வேறுபடுத்தி எழுத வழியில்லாததால் மன்னித்துவிடுங்கள். இன்றைய 'சாஸி' அந்த அமெரிக்கக் கிளைதான். பனியனில் அச்சிட்டுப் பெருமையாக அணிந்துகொள்கிறார்கள்.

துடுக்கு என்று யாரை வேண்டுமானாலும் சொல்லலாமா? மேலே இருப்பவர் துடுக்காக இருக்க முடியாதா?

மொழி இலக்கணப்படி முடியும். நடைமுறையில் ஒரு பிரபு தன் வேலைக்காரனை அவமதித்தால் அதற்கு ஆங்கிலம் வேறு சொற்களைத் தேடியது. கடுமை, ஆணவம் என்று. இம்ப்யூடன்ஸ் கீழிருந்து மேலே போகும்போதுதான் குற்றமாகப் பதிவானது.

இதைப் பிரெடரிக் டக்ளஸைப் போல் யாரும் பிட்டுவைக்கவில்லை. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, தப்பித்து, அமெரிக்காவின் பெரும் பேச்சாளர்களுள் ஒருவரானவர். 1855இல் வெளியான தம் தன்வரலாற்றில், நெல்லி என்ற பெண்ணை ஒரு கண்காணி சவுக்கால் அடித்ததை விவரிக்கிறார். அவள்மேல் சாட்டிய குற்றம் 'இம்ப்யூடன்ஸ்'. அடிமைகள்மேல் சாட்டப்படும் குற்றங்களிலேயே மிகச் சாதாரணமான, மிகத் தெளிவற்ற குற்றங்களுள் இது ஒன்று என்கிறார் டக்ளஸ். எதையும் குறிக்கலாம், ஒன்றையுமே குறிக்காமலும் இருக்கலாம். எப்படியெல்லாம் இந்தக் குற்றத்தைச் செய்ய முடியும் என்று அவர் போடும் பட்டியல் நெஞ்சில் குத்துகிறது: பதில் சொல்லும் தொனியில், பதில் சொல்வதிலேயே, பதில் சொல்லாமல் இருப்பதில், முகத்தின் தோற்றத்தில், தலையின் அசைவில், நடையில்.

பதில் சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். இந்தப் பட்டியலைப் படித்தபின் 'இம்ப்யூடன்ட்' என்ற சொல்லை நான் ஒரு குணத்தின் பெயராகப் படிப்பதை விட்டுவிட்டேன். சொல்லாமல் இருந்ததற்கான தண்டனை அமெரிக்கத் தோட்டங்களோடு நிற்கவுமில்லை. பிரிட்டிஷ் படைமுகாம்களிலும் பள்ளிகளிலும் 'டம்ப் இன்சலன்ஸ்' என்று ஒன்று இருந்தது. வாயைத் திறக்காமல், கட்டளைக்கும் கீழ்ப்படிந்துகொண்டே, பார்வையால் அவமதிப்பது. மௌனத்துக்குக்கூட ஒரு துடுக்குப் பெயர்.

'அப்பிட்டி' என்ற சொல் 1880இல் அமெரிக்க அச்சில் தலைகாட்டுகிறது. 'மேலே' என்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்கு வால் ஒட்டிச் செய்தது. தன் இடத்தை விட்டு மேலே ஏறப் பார்க்கும் கறுப்பின மனிதர்களை அடக்க வெள்ளையர் பயன்படுத்திய சொல்லாக அது கறைபட்டது. 2008இல் ஓர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒபாமாவையும் அவர் மனைவியையும் குறித்து இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுக் கண்டனத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இதற்குத் 'திமிர்' என்று மட்டும் போட்டால் பாதி செத்துப்போகும். நம் கிராமக் கதைகளில் 'இவனுக்கெல்லாம் என்ன துளிர்விட்டுப் போச்சு' என்று ஒரு பண்ணையார் சொல்வார் அல்லவா, அந்த வன்மம் அதில் வர வேண்டும்.

பெண்களுக்கென்று தனிச் சொற்கள் உண்டா?

கூடை கூடையாக. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 'ஹஸி' என்பது 'ஹவுஸ்வைஃப்' என்பதன் தேய்ந்த வடிவம். 16ஆம் நூற்றாண்டில் வீட்டுத் தலைவி என்ற மதிப்பான பொருள். பிறகு அடங்காத பெண், ஒழுக்கமற்ற பெண் என்று சரிந்து, 'பிரேசன்' என்ற பித்தளையோடு சேர்ந்துகொண்டு இன்று வசையாக மட்டும் நிற்கிறது. அதே 'ஹவுஸ்வைஃப்' பிரிட்டிஷ் சிப்பாய்கள் பையில் வைத்திருந்த ஊசிநூல் உறைக்கும் பெயராயிற்று. அந்த உறைக்கு மட்டும் எந்த இழுக்கும் வரவில்லை.

கால், நெர்வ் இவை எப்படித் துடுக்காயின?

'கால்' என்றதும் தமிழ்க் காலை நினைக்க வேண்டாம். இது பித்தம். நெடுங்காலம் அதற்குக் கசப்பு, வன்மம் என்ற பொருள்கள்தாம். 1880களில் அமெரிக்காவில் 'எவ்வளவு கால் இருந்தால் இப்படிச் செய்வான்' என்று துடுக்கின் அளவாக மாறியது. நமக்குப் பித்தம் தலைக்கேறினால் புத்தி பேதலிக்கும். துடுக்கு ஏறுவதற்கு நாம் நம்பியிருப்பது கொழுப்பை.

நரம்பைக் குறிக்கும் 'நெர்வ்' அதே காலத்தில் துணிவிலிருந்து துடுக்குக்கு நகர்ந்தது. அதற்கு ஒரு வேடிக்கையான உறவினர் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலம் லோவெல் நகரில் அகஸ்டின் தாம்சன் என்ற மருத்துவர் 1880களில் 'மாக்ஸி நெர்வ் ஃபுட்' என்று நரம்புக்கு வலுவூட்டும் பானம் ஒன்றை விற்றார். மருந்து பின்னால் சோடாவானது. விளம்பரம் ஊரெல்லாம் பரவி, 1930 வாக்கில் 'மாக்ஸி' என்றாலே துணிச்சல் என்று அமெரிக்கர்கள் பேசத் தொடங்கினார்கள். கசப்பும் இனிப்புமான அந்தப் பானம் 2005 முதல் மெய்ன் மாநிலத்தின் அதிகாரபூர்வ குளிர்பானம். 2018இல் கோக கோலா அதை வாங்கிக்கொண்டது.

ஹுட்ஸ்பா என்ற யூதச் சொல்லை ஏன் ஆங்கிலம் கடன் வாங்கியது? அதுதான் ஏற்கெனவே இத்தனை வைத்திருக்கிறதே?

இருந்தவற்றில் எதிலும் வியப்பு கலந்திருக்கவில்லை. 'ஹுட்ஸ்பா' என்று சொல்கிறவர் தலையில் அடித்துக்கொண்டே கொஞ்சம் ரசிக்கவும் செய்கிறார். பெற்றோரைக் கொன்றுவிட்டு, நான் அநாதை, கருணை காட்டுங்கள் என்று நீதிபதியிடம் கெஞ்சுகிறவன்தான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு.

எபிரேயத்திலிருந்து யூதர்களின் இட்டிஷ் மொழி வழியாக 1890களில் லண்டன் ஆங்கிலத்தில் அச்சேறியது. வேர் மிகப் பழையது. தானியேல் புத்தகத்தின் அரமேயப் பகுதியில் அரசனின் கடுமையான கட்டளையைக் குறிக்க இதே வேர் வருகிறது. கீழிருந்து மேலே என்ற என் கணக்கு இங்கே இடறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். யூதர்களின் பழைய சமய விளக்க நூலான பாபிலோனியத் தல்மூதில் இரண்டு ரப்பிகள், அதாவது யூத சமய ஆசான்கள், இந்தச் சொல்லை எடைபோடுகிறார்கள். வானத்தை எதிர்த்தும் ஹுட்ஸ்பா பலிக்கும் என்கிறார் ஒருவர். அது முடியில்லாத அரசாட்சி என்கிறார் மற்றவர். துடுக்கைப் பற்றி நான் படித்த விளக்கங்களில் இதற்கு இணையாக இன்னொன்று இல்லை. கையில் அதிகாரம் கிடையாது, ஆனால் அதிகாரம் இருப்பவனைப் போல் நடந்துகொள்கிறான்.

அமெரிக்க நீதிமன்றங்களுக்கு இந்தச் சொல்மேல் தனிப் பிரியம். 1972இல் ஜார்ஜியா மாநிலத் தீர்ப்பு ஒன்றில், துப்பாக்கி திருட ஷெரிஃப் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்த ஓர் ஆளுக்கு இந்தப் பட்டம் கிடைத்தது. 1998இல் நீதிபதி ஸ்காலியா எழுதிய கருத்துரை வழியாக உச்ச நீதிமன்றப் பதிவிலும் ஏறிவிட்டது.

ஒரே இடத்தைப் பல காலத்தில் மொழிபெயர்த்ததைக் காட்ட முடியுமா?

இதற்கு லூக்கா நற்செய்தி 11ஆம் அதிகாரத்தை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. நடுராத்திரி. வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டார், கொடுக்க ஒன்றுமில்லை. ஒருவன் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பம் கடன் கேட்கிறான். உள்ளிருந்து பதில்: கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகள் என்னோடு படுத்திருக்கிறார்கள், தொந்தரவு செய்யாதே. ஆனாலும் எழுந்து கொடுப்பான் என்கிறார் இயேசு. நட்புக்காகக் கொடுக்காவிட்டாலும், அவனுடைய 'அனைடெயா' என்பதற்காகக் கொடுப்பான்.

அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் நாணமின்மை. 1611இன் மன்னர் ஜேம்ஸ் பதிப்புக்கு அது கூச்சமாக இருந்திருக்க வேண்டும். 'விடாமல் கேட்பது' என்ற பொருளில் 'இம்பார்ட்யூனிட்டி' என்று போட்டது. என்.ஐ.வி. என்ற பதிப்பு 1984இல் 'போல்ட்னஸ்' என்றது. 2001இல் வந்த ஈ.எஸ்.வி. நேரே 'இம்ப்யூடன்ஸ்' என்று எழுதியது. என்.ஐ.வி. 2011இல் தன்னைத் திருத்திக்கொண்டு 'ஷேம்லெஸ் ஆடாசிட்டி' என்றது. ஒரே மனிதன், ஒரே கதவு, ஒரே தட்டல். நானூறு ஆண்டில் அவன் விடாப்பிடிக்காரனாக, துணிச்சல்காரனாக, துடுக்கனாக, வெட்கம் கெட்ட துணிவுள்ளவனாக மாறிவிட்டான். தமிழின் பழைய பதிப்பில் அவன் 'வருந்திக்' கேட்கிறான். அந்த 'வருந்தி' வந்ததும் நாணமின்மை முழுவதும் கரைந்துபோகிறது. இந்தச் சொல் தட்டியவனைக் குறிக்கிறதா, படுத்திருந்தவனைக் குறிக்கிறதா என்றுகூட அறிஞர்கள் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால் தட்டியவனைத்தான். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டு எழுந்தவர்கள் என் பக்கம் நிற்பார்கள்.

இன்று 'ஆடாசிட்டி' பாராட்டா, திட்டா?

தலைப்பில் இருந்தால் பாராட்டு, வியப்புக்குறியோடு இருந்தால் திட்டு. இலத்தீனில் துணிதல் என்ற வினையிலிருந்து வந்தது. 1792 செப்டம்பரில், பகைப்படை பாரிஸை நெருங்கிக்கொண்டிருந்தபோது, துணிவு, மேலும் துணிவு, எப்போதும் துணிவு என்று பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் டான்டன் முழங்கியது இதன் பிரெஞ்சு வடிவத்தைச் சொல்லித்தான். ஒபாமா 2006இல் தம் புத்தகத் தலைப்பில் நம்பிக்கைக்கு முன்னால் இதை நிறுத்தினார். ஆனால் வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒருவர் புகுந்தால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் 'தி ஆடாசிட்டி!' என்று ஒற்றைச் சொல்லாக வீசுவார்கள். அதற்குத் தமிழ் 'என்ன தைரியம்!' என்பதே. நம் தைரியமும் இரண்டு பக்கமும் கூர்மையான கத்தி.

என் மேலதிகாரி "யூ ஹாவ் எ நெர்வ்" என்றார். பாராட்டினாரா?

இல்லை. 'நெர்வ்' தனியாக வந்தால் துணிவு. அவர் சொன்னதில் முன்னால் ஒரு 'எ' இருக்கிறது. அந்த ஒற்றை எழுத்து வந்துவிட்டால் 'உனக்கு நெஞ்சழுத்தம்தான்' என்று பொருள். விடுப்பு விண்ணப்பத்தை இன்னும் இரண்டு நாள் கழித்துக் கொடுங்கள்.